சம்பாதிக்கப் போனால் பெருமை, சுற்றிப் பார்க்கப் போனால் பயமா?

பிள்ளைகள் தனியாக விமானம் ஏறுவது எங்கள் விருத்தாசலத்துக்குப் புதிதில்லை. எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் சிங்கப்பூரில் ஒருத்தர், துபாயில் ஒருத்தர், குவைத்தில் ஒருத்தர் என்று நாலு வீடாவது கையைத் தூக்கும். என் வீட்டிலும் இரண்டு பேர் போனார்கள். பெரியவன் வேலைக்குப் போனான். சின்னவள் ஊர் பார்க்கப் போனாள். இரண்டு பேரையும் வழியனுப்பியது ஒரே ஜங்ஷனில், ஒரே வைகை எக்ஸ்பிரஸில்தான். தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பாதையெல்லாம் ஒன்றுதான். தெருவும் சொந்தபந்தமும் காட்டிய முகம்தான் வேறு வேறு.

பெரியவன் கிளம்பியபோது வீட்டில் கறிச்சோறு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். "சம்பளம் எவ்ளோப்பா?" என்பது ஒன்றுதான் கேள்வி. சின்னவள் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் வந்த கேள்விகளை எழுதினால் ஒரு நோட்டு போதாது. தனியாவா? எதுக்கு? அங்க யார் இருக்காங்க? ராத்திரி எங்க தங்கும்? நீங்க எப்படி சரின்னு சொன்னீங்க? என் மனைவியின் அண்ணன் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்: "மாப்ள, பொண்ணை வேலைக்கு அனுப்புனா ஒரு அர்த்தம் இருக்கு. சும்மா சுத்திப் பாக்கவா அனுப்புவாங்க?"

அந்த 'சும்மா'தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊர் செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையிலேயே கில்ன் (சூளை) பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொலு பொம்மை, கார்த்திகை அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பியூஸ் கேரியர் என்று விருத்தாசலம் சரக்கு ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. தொழில் இங்கே வேர் பிடிக்க அது ஒரு காரணம். ஆனால் படித்து வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கே வேலை கிடையாது. எங்கள் செட்டில் பாதிப் பேர் ஓசூர், குஜராத்தின் மோர்பி என்று போனார்கள். அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் தள்ளி வளைகுடாவுக்குப் போனது. அங்கேயும் டைல்ஸ் ஆலைகள் உண்டு.

என் மகனும் அப்படித்தான் போனான். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை "பத்திரமா இருக்கட்டும்" என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. ஒரே அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். பேசிய சம்பளத்துக்கும் கைக்கு வந்ததற்கும் இடையில் சாப்பாடு, தங்குமிடம் என்று பல கழிவுகள். இதையெல்லாம் அவன் எங்களிடம் சொன்னதே முதல் விடுமுறைக்கு வந்தபோதுதான். அதுவரை போனில் "நல்லா இருக்கேன்பா" மட்டும்தான். வாட்ஸ்அப் அழைப்பு அங்கே வேலை செய்யாது. வேறொரு செயலியில் பேசுவான். படம் விட்டுவிட்டு வரும். அந்தக் கலங்கலில் அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நானும் அவன் அம்மாவும் போனை மாற்றி மாற்றிப் பிடிப்போம்.

2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் எங்கள் கடலூர் மாவட்டம். விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்து இறங்கியதை டிவியில் பார்த்தோம். என் மகன் இருப்பது வேறு நாடு. ஆனாலும் அன்று அவன் அம்மா சாப்பிடவில்லை. அவன் போன் எடுத்துப் பேசினான். "எங்க கட்டடத்துல இந்த மாதிரி இல்லம்மா" என்றான். எந்த மாதிரி இல்லை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவனை வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஒருவர்கூட "தங்குற இடத்துல அவசர வழி இருக்கா?" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. சம்பாதிக்கப் போகிறவனைப் பற்றிப் பயப்படுவது அபசகுனம் என்று நாம் பழகிவிட்டோம்.

இப்போது சின்னவள் கதைக்கு வருகிறேன். அவள் சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் போக ஆசைப்பட்ட இடம் டோக்கியோவோ, சினிமாவில் காட்டும் ஊர்களோ இல்லை. தெற்கு ஜப்பானில், கியூஷூ தீவில், அரிட்டா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெயரை அவளுக்குச் சொன்னதே நான்தான். 1616-இல் அங்கே இசுமியாமா மலையில் வெள்ளைப் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார்கள், ஜப்பானில் பீங்கான் பிறந்தது அங்கேதான், டச்சுக்காரர்கள் இமாரித் துறைமுகம் வழியாக அதை ஐரோப்பா வரை கொண்டு போனார்கள் என்று டிப்ளமோ நாளில் படித்ததை, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டில் அளந்துகொண்டிருப்பேன். நான் பார்த்ததெல்லாம் மோர்பி வரைதான். அவள் காசு சேர்த்தாள், விடுப்பு எடுத்தாள், விசாவும் வாங்கிவிட்டாள். கடைசியில்தான் எங்களிடம் சொன்னாள்.

"நீங்க கதை சொன்னீங்க, நான் பாத்துட்டு வரேன்பா. அவ்ளோதான்."

"துணைக்கு யாராவது..."

"ஃப்ரண்ட்ஸுக்கு லீவு கிடைக்கலை. அவங்களுக்குக் காத்திருந்தா உங்க வயசுலதான் போகணும்."

சிரிப்பு வந்தது. சிரிப்போடு வயிற்றைப் பிசையவும் செய்தது. உள்ளதை எழுதிவிடுகிறேன்: அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மொழி தெரியாத ஊர், நிலநடுக்கம் வரும் நாடு, ஒரு பெண், ஒரு முதுகுப்பை. இருட்டில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. விடியும்போது ஒன்று உறைத்தது. மகன் போனபோது நான் நன்றாகத் தூங்கினேன்.

இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். பெரியவன் கையில் பாஸ்போர்ட் இல்லை. சின்னவள் கையில் இருக்கிறது. அவனுக்குத் திரும்பி வர முதலாளியின் அனுமதி வேண்டும். அவளுக்குத் தேதி போட்ட ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது. அவன் தங்கியது கம்பெனி காட்டிய அறையில். அவள் தங்குவது அவளே தேர்ந்தெடுத்த, முன்பு தங்கியவர்கள் நல்லதும் கெட்டதும் எழுதி வைத்த விடுதியில். பிடிக்கவில்லை என்றால் அவள் மறுநாளே இடம் மாறலாம், அவனால் முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பயப்பட வேண்டிய பயணம் அவனுடையது. ஆனால் ஊரே பயந்தது அவளுக்காக. ஆண் பிள்ளை என்றால் கவலை வேண்டாம், வருமானம் என்றால் கேள்வி வேண்டாம் என்று இரண்டு பூட்டுகளைப் போட்டு, நம் பயத்தை வேண்டாத இடத்தில் கொண்டுபோய் அடைத்து வைத்திருக்கிறோம்.

பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஜப்பானிலும் இருக்கிறது, சென்னை மின்சார ரயிலிலும் இருக்கிறது. ஆனால் இருட்டுமுன் அறைக்குத் திரும்புவது, யாரை நம்புவது, எங்கே நிற்காமல் நடப்பது என்பதையெல்லாம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிய நாளிலிருந்தே கற்றுக்கொண்டு வருகிறாள். அந்தப் படிப்பை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

என் மனைவிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவளுக்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் இருக்கிறார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஊரை ஒட்டியுள்ள முருகன் கோயில் அது. அங்கே பிராது கட்டுவது வழக்கம். நம் குறையை மனுவாகத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும் மறுபடி போய் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. திருட்டு, கடன், சொத்துத் தகராறு, பிரிந்துபோன புருஷன் என்று எல்லா வழக்கும் அந்தச் சன்னதியில் இருக்கும்.

"பிராதுன்னா எதிரின்னு ஒருத்தர் வேணுமே. யார் பேரை எழுதப் போற?" என்று கேட்டேன்.

"உங்க பேரைத்தான். நீங்கதானே கதை சொல்லிக் கெடுத்தீங்க" என்றாள்.

மனு கொடுப்பவர் ஊரிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரமோ அதற்கேற்பப் படிப்பணம் கட்ட வேண்டும். ஜப்பானிலிருந்து தூரம் போடாமல் எங்கள் தெருவிலிருந்து போட்டார்களே என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. ஆனால் கோயிலிலிருந்து திரும்பிய பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பயத்தை இறக்கி வைக்க அவளுக்கு ஒரு இடம் இருந்தது. என் இடத்தை நான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் செய்தது இதுதான். கவலையை ஒரு தாளில் எழுதி, செய்யக்கூடியது, செய்ய முடியாதது என்று இரண்டாகப் பிரித்தேன். செய்யக்கூடியதை மகளும் நானும் உட்கார்ந்து முடித்தோம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பயணக் காப்பீடு எல்லாவற்றுக்கும் நகல் என்னிடம் ஒன்று, அவள் மின்னஞ்சலில் ஒன்று. தங்கும் இடங்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஜப்பானிய எழுத்திலேயே, காட்டினால் டாக்சிக்காரருக்குப் புரியும்படி. அங்கே போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. இந்தியத் தூதரக எண் இரண்டு பேர் போனிலும். நிலநடுக்க எச்சரிக்கை தரும் செயலியை இங்கேயே இறக்கிக்கொண்டாள். பணம் இரண்டு இடத்தில், கார்டு இரண்டு வங்கியில். தினமும் ராத்திரி அறைக்குத் திரும்பியதும் ஒரு செய்தி. நம்மைவிட அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால். அவளுக்கு ஒன்பது என்றால் எனக்கு ஐந்தரை, சாயங்காலக் காபி நேரம். அதற்கு மேல் அவள் கூப்பிட்டால் பேசுவது, அவசரம் இல்லாமல் நாங்களாகக் கூப்பிடுவதில்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்று இங்கே பொருந்தும். பழமலைநாதர் கோயிலில் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். வழியில் திருட்டுப் பயம். ஆற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் சிவன். சுந்தரரும் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் போய்க் கமலாலயத்தில் எடுத்தார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சு இந்தக் கதையோடு சேர்ந்தது. பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று அதில் இருக்கிறது: பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் அதில் ஒரு துளி மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் உரைத்துப் பார்த்தார். சொன்னவர் சாட்சாத் சிவபெருமான். அப்படியும் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டுதான் போனார். நம்பிக்கையும் முன்ஜாக்கிரதையும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. பெற்றவர்கள் நகல் கேட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செய்ய முடியாதவை என்று எழுதிய பகுதி மிச்சம் இருந்தது. அது என்னுடையது, அவள் பையில் அதற்கு இடமில்லை. "பாத்து போம்மா, அப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு" என்று ஜங்ஷனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவளுக்குக் கூடும். "சரி, ட்ரெயின் வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் போய்ச் சேர்ந்தபின் புது நோய் ஒன்று வந்தது. அவள் இருக்கும் இடத்தைப் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும் வசதியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சிங்கப்பூரில் இறங்கியது, ஃபுகுவோகாவுக்கு ஏறியது, அங்கிருந்து ரயிலில் அரிட்டா என்று அந்தப் புள்ளி பின்னாலேயே நான் அலைந்தேன். ஒரு நாள் இமாரி பக்கத்தில் மலைகளுக்கு நடுவே புள்ளி நின்றுவிட்டது. மத்தியானம்வரை நகரவில்லை. அவசரத்துக்குத்தான் அழைப்பது என்ற ஒப்பந்தம். எது அவசரம் என்று எழுதி வைக்கவில்லையே என்று நினைத்தேன்.

அன்று தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். என் காலத்துச் சூளை ஃபயர்மேன் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கிளேஸ் போட்ட சரக்கை உள்ள வச்சுக் கதவைப் பூசியாச்சு. ஆறுற வரைக்கும் திறந்து திறந்து பாக்கறவன் என்ன ஆவான்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போன சூளை, சூடு இறங்காமல் கதவைத் திறந்தால் உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சரக்கு விரிசல். எத்தனையோ புதுப் பையன்களை நானே அதற்காகத் திட்டியிருக்கிறேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குச் செய்தி வந்தது, கூடவே வீடியோ அழைப்பும். அவள் போயிருந்த ஊர் ஓகவாச்சியாமா. ஒரு பட்டறையில் ஒரு அம்மாள் நீல வண்ணத்தில் பூ வரைவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். நபேஷிமா பிரபுக்கள் தங்கள் கைதேர்ந்த குயவர்களை அந்த மலைக்குள் குடிவைத்துக் காவல் போட்டிருந்தார்கள். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று அவர்களை ஊரைவிட்டுப் போகவிட மாட்டார்கள். "நம்ம மாமா ஊர் மாதிரிப்பா" என்றாள். அவள் மாமா என் பக்கத்தில்தான் இருந்தார்.

அடுத்து வந்த அழைப்புகளில் அரிட்டா முழுக்கச் சுற்றிக் காட்டினாள். பழைய சூளையை இடித்த செங்கல்லையும் உடைந்த சாமானையும் வைத்துக் கட்டிய சுவர்களுக்கு அங்கே டொம்பாய் சுவர் என்று பெயர். அந்தச் செங்கல்லில் கிளேஸ் உருகி வழிந்து பச்சையும் பழுப்புமாகப் படிந்திருந்தது. எங்கள் பேட்டையில் அது குப்பைமேடு. தோசான் என்ற கோயிலின் வாசல் தோரணமே பீங்கான், வெள்ளையில் நீலக் கொடி. கோயில் படியேறும் வழியில் ரயில் தண்டவாளம் குறுக்கே போகிறது. "கிளேஸ் எப்படி இருக்குன்னு கிட்ட காட்டு" என்று நான் கேட்க, "தொடக்கூடாதுன்னு போர்டு இருக்குப்பா" என்று அவள் சொல்ல, தொழில் பேச்சிலேயே நேரம் போனது. பயம் எப்போது இறங்கிப் போனது என்று கவனிக்கவில்லை.

அரிட்டா பீங்கானுக்குப் பிதாமகன் என்று அவர்கள் வணங்கும் யி சாம்-பியோங் கொரியாக்காரர். 1590-களில் ஜப்பான் கொரியாமீது படையெடுத்தபோது கொண்டுவரப்பட்ட குயவர்களில் ஒருவர். அவருக்கும் ஊரில் யாரோ காத்திருந்திருப்பார்கள். கடிதம் இல்லை, புள்ளி இல்லை, திரும்பும் தேதி இல்லை. நமக்கு மூன்றரை மணி நேர வித்தியாசம் மட்டும்தான் என்பதை அவரை நினைத்தபோது உணர்ந்தேன்.

மகள் திரும்பி வந்துவிட்டாள். அவள் அம்மா மணவாளநல்லூர் போய் மனுவையும் திரும்பப் பெற்றாயிற்று. இந்த முறை நானும் கூடப் போனேன். வரும் வழியில் மனைவி கேட்டாள்: "பெரியவனுக்கு இந்த மாதிரி ஒரு தாளும் நாம எழுதலையே?"

எழுதினோம். அடுத்து அவன் வேறு வேலைக்கு மாறியபோது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதை முதலாளி பிடித்து வைக்க உரிமை இல்லை. சிக்கல் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். தமிழ்நாடு அரசிலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறை இருக்கிறது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரின் மியாவடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அவர்களும் வீட்டில் பெருமையோடு வழியனுப்பப்பட்டவர்கள்தான்.

பெற்றவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது நடக்காத காரியம். பயப்படும்போது சரியான பிள்ளைக்காகப் பயப்படுங்கள். ஊர் பார்க்கப் போகும் மகளிடம் கேட்கும் அத்தனை கேள்விகளையும் வேலைக்குப் போகும் மகனிடமும் கேளுங்கள். அவனுக்குத் தயங்காமல் கொடுக்கும் நம்பிக்கையில் பாதியை அவளுக்குக் கொடுங்கள். அவனுடைய வேலை ஒப்பந்தத்தை வாங்கி, புரியவில்லை என்றால் புரிந்தவரை வைத்து, கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.